தகரப்பெட்டி ஸ்வெட்டர்

பனிச்சோலை எஸ்டேட்டில் பிறக்கிற குழந்தைக்கு முதல் உடுப்பு கோகிலவாணியின் தகரப்பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் குன்னூருக்குக் கீழே அந்தச் சரிவில் இருக்கிற ஐந்து லைன் வீட்டு வரிசைகளிலும் இதை மீறியவர் ஒருவரும் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் ஜீப்பில் வந்து இறங்கினால், கோகிலவாணி ஒரு வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர், ஒரு குல்லா, ஒரு கம்பளித் துண்டு மூன்றையும் கையில் மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். மாட்டிவிட்டுப் போவாள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வாங்கி, அலசிக் காயவைத்து, நாலு பாச்சை உருண்டை போட்டு மறுபடியும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாள்.

அவளுக்கு வேலை பிள்ளை மடுவத்தில். இலை பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஆபீஸ் போர்டில் 'கிரீச்' என்று எழுதியிருக்கும். அவளுடைய அப்பா சின்னராஜ் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் சொன்ன பேர் அவள் வாயில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து லைன் முழுக்கப் பரவிவிட்டது. போர்டு ஒரு பக்கம் தொங்கட்டும், ஊர் ஒரு பக்கம் பேசட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

நாற்பத்தாறு வயது. எட்டாவதோடு படிப்பு நின்றது. இருபத்தோரு வருஷமாக அந்த மடுவத்தில் ஆயா. எந்தக் குழந்தைக்கு நாளைக்குக் காய்ச்சல் வரும் என்பதை இன்றைக்கே உள்ளங்காலைத் தொட்டுச் சொல்லிவிடுவாள். லைனில் எல்லாருக்கும் அவள் கோகிலா அக்காதான். சொந்தப் பிள்ளை கிடையாது. இல்லாதவள் என்று முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாமல் விட்டதுமில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஸ்வெட்டரின் உள்விளிம்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தையல் போட்டிருப்பாள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். சிவப்பு லைனில் குடியிருக்கிற பாலாமணியின் மூத்தவளுக்கு, பச்சை இளையவனுக்கு. இப்படி முப்பத்தேழு தையல். அவற்றுக்கெல்லாம் முன்னால், வெள்ளையில் வெள்ளையாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு தையல் இருந்தது. நூலைக் கட்டிய முடிச்சு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அது முடிச்சு அல்ல. அது அவளுடைய மகன்.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தங்கவேலுவுக்கு வாழ்க்கைப்பட்டு இருந்தபோது பின்னிய ஸ்வெட்டர் அது. நாலாம் மாதத்தில் பின்னி முடித்து, பூச்சி அரிக்கக்கூடாதென்று உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தாள். பிள்ளை லைனிலேயே பிறந்தது. இரண்டாம் நாள் மாட்டினாள். நாலாம் நாள் மஞ்சளாகி, ஏழாம் நாள் காலையில் முதுகை வில்லாக வளைத்து, பூனைக்குட்டி போல ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. "உன் பால்தான்டி விஷம்" என்றாள் மாமியார். ஒரு தடவை சொன்னால் போதாதென்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னாள். தங்கவேலு திருப்பூருக்கு வேலைக்குப் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். கோகிலவாணி அந்தப் பெட்டியோடு பனிச்சோலைக்கு வந்தாள்.

வந்த வருஷம் மார்கழியில், உறைபனி விழுந்த காலையில், மூன்றாம் லைனில் ஒரு பிள்ளை பிறந்தது. போர்த்தக் கம்பளி இல்லை. அவள் பெட்டியைத் திறந்தாள். அந்தப் பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தது. அடுத்த பிள்ளைக்கும் கேட்டார்கள். செத்த பிள்ளையின் உடுப்பு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பார்கள், அவளையும் மடுவத்துப் பக்கம் அண்டவிட்டிருக்க மாட்டார்கள். அதனால் சொல்லவில்லை. கூடப்பிறந்த அக்கா சின்னம்மைக்கு மட்டும் தெரியும். அக்கா கண்மூடி மூன்று வருஷமாகிறது.

இப்போது பிள்ளை பெற்றிருப்பது அந்த அக்காவின் மகள் கலைமதி. அதே எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை பார்க்கிற சுரேஷுக்குக் கட்டிக்கொடுத்தது. கார்த்திகை நடுவில் என்று நாள் சொல்லியிருந்தார்கள். பையன் மூன்று வாரம் முந்திக்கொண்டு, ஐப்பசி அடைமழையில் வந்து சேர்ந்தான்.

எப்போதும் கோகிலவாணி ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்ட பிறகுதான் கொடுப்பாள். இந்தத் தடவை ஒன்பது நாளாக வெயிலே இல்லை. மழைக்குப் பூச்சி ஏறுகிறதென்று நாலு உருண்டை போடுகிற இடத்தில் எட்டுப் போட்டிருந்தாள். மூன்றாம் நாள் ஜீப் வந்து நின்றது. பெட்டியைத் திறந்தாள், உதறினாள், அப்படியே கொண்டுபோய்விட்டாள். சுரேஷின் அக்கா பாலாமணி பிள்ளைக்கு உச்சி முதல் பாதம் வரை தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் ஸ்வெட்டரை மாட்டினாள்.

"பொட்டி வாசம் கம்முனு இருக்குதுங்கக்கா," என்றாள்.

மறுநாள் மத்தியானம் கோகிலவாணி பிள்ளையை ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குள் எரிகிற மஞ்சள் பல்பில் எல்லாப் பிள்ளையும் மஞ்சள்தான். ஜன்னலில் மூடுபனி வெள்ளையாக நின்றது. நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். மஞ்சள். நெஞ்சை அழுத்தினாள். மஞ்சள். முழங்காலை அழுத்தினாள். அங்கேயும் மஞ்சள்தான்.

"எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதானுங்க," என்றாள் பாலாமணி. "எங்க ரெண்டுக்கும் வந்துச்சு. வெயில்ல காட்டுனா போயிரும்."

"வெயில் எங்கடி இருக்குது?"

"நாளைக்கு அடிக்கும்."

"நாளைக்குன்னு ஒருக்கா உட்கார்ந்திருந்தவ நான். போன் பண்ணுடி, ஆம்புலன்ஸுக்கு."

டவுன் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை டாக்டர் ரேகா, கோயம்புத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிலிரூபின் பதினேழு. பிள்ளையின் துணியெல்லாம் கழற்றி, கண்ணுக்குத் துணிப்பட்டை கட்டி, நீலவிளக்குக்கு அடியில் போட்டார்கள். இரண்டு மணிக்கொரு தடவை பால் கொடுக்க வெளியே எடுக்கலாம் என்றார்கள்.

வார்டில் குளிர் எலும்பைத் துளைத்தது. ஒவ்வொரு தடவை வெளியே எடுக்கும்போதும் கோகிலவாணி தயாராக நின்றாள். ஸ்வெட்டரை மாட்டுவாள், குல்லாவைப் போடுவாள், கம்பளித் துண்டில் சுற்றி, கலைமதியின் மடியில் வைப்பாள். அரை மணி நேரம் குடித்து முடித்ததும் எல்லாவற்றையும் கழற்றி, மறுபடியும் விளக்குக்கு அடியில். "நல்லா சூடா வெச்சிருக்கீங்கம்மா," என்று ஒரு நர்ஸ்கூடப் பாராட்டினாள். அந்தப் பாராட்டில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது பத்தொன்பது. பத்து மணிக்கு இருபது புள்ளி ஆறு.

டாக்டர் ரேகா எல்லாரையும் கூப்பிட்டு வராந்தாவில் நிற்க வைத்தார். முதல் பஸ்ஸில் சுரேஷும் பாலாமணியும் வந்திருந்தார்கள். கலைமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்க, உள்ளதைச் சொல்லிடறேன்," என்றார் டாக்டர். "ரத்தத்துல சிவப்பணு இருக்கில்லையா, அதுக்கு ஒரு ஆயுசு உண்டு. வயசான அணு உடையும். உடைஞ்சா அதுக்குள்ள இருக்கற சிவப்புச் சத்து மஞ்சளா மாறும். அந்த மஞ்சள்தான் பிலிரூபின். அது தண்ணியில கரையாது. அதனால கல்லீரல் அதை வாங்கி, தண்ணியில கரையற மாதிரி பக்குவம் பண்ணி, பித்தத்தோட குடலுக்கு அனுப்பும். மலத்தோட வெளிய போயிடும். நமக்கெல்லாம் தினமும் இது நடந்துட்டேதான் இருக்கு. பொறந்த புள்ளைக்குக் கல்லீரல் இன்னும் வேலை பழகல. அதனால ரெண்டு மூணு நாள் மஞ்சள் தேங்கும், அப்புறம் வடிஞ்சிரும். இந்த விளக்கு என்ன பண்ணுதுன்னா, தோலுக்கு அடியில இருக்கற மஞ்சளோட உருவத்தை மாத்தி, கல்லீரல் இல்லாமலே கரைஞ்சு போகவைக்குது."

"அப்ப ஏனுங்க டாக்டர் எறங்கல?" என்றான் சுரேஷ்.

"அதான் கேள்வி. மலம் நல்லா நிறமாத்தான் போகுது. அப்ப பித்தத்துக்கு வழி அடைக்கல. தாய்க்கும் புள்ளைக்கும் ஒரே ரத்த குரூப். கிருமியும் இல்ல."

சுரேஷ் ஃபாக்டரியில் இலை வாடப்போடுகிற மாடியில் பன்னிரண்டு வருஷம் நின்றவன். தனக்குத் தெரிந்த கணக்கில் சொன்னான். "அப்ப ஃபாக்டரியில கோளாறு இல்லீங்க. இலை வரத்துதான் கூடுது."

டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். "சரியாச் சொன்னீங்க. வரத்து கூடுது. ஏதோ ஒண்ணு இவன் ரத்தத்தை உடைச்சிட்டே இருக்கு. இன்னும் உடைச்சிட்டு இருந்தா என்னால காத்திருக்க முடியாது. இருபத்திரண்டைத் தாண்டுச்சுன்னா மஞ்சள் மூளைக்குள்ள இறங்க ஆரம்பிக்கலாம். இறங்கிட்டா திரும்பாது. காது போகும், கைகால் போகும், உயிரும் போகலாம். ரத்தத்தையே மாத்தணும். அதுக்குக் கோயம்புத்தூர்தான். பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கேன்."

"ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குதாமே?" என்றாள் பாலாமணி.

"ஒரு பக்கமா விடறாங்களாம். மூணு மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் புள்ளைக்கு இந்த விளக்கு கிடையாது. போற வழியிலயே ஏறிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு. உடையறது நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா நான் இங்கயே வெச்சுக்குவேன். அதனால கேக்கறேன், யாரும் மறைக்காதீங்க. புள்ளைக்கு என்ன குடுத்தீங்க, என்ன தடவுனீங்க? நாட்டு மருந்து?"

"ஒண்ணுமே குடுக்கலீங்க. தாய்ப்பால் மட்டுந்தான். தேங்காயெண்ணெய் தடவுனோம்," என்றாள் பாலாமணி.

"சிறுநீர் என்ன கலர்ல போறான்? அம்மா வழியில ஆண் குழந்தை எதுக்காவது இப்படி ஆகியிருக்கா?"

கலைமதி இல்லையென்று தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது அது. சித்தியின் பிள்ளை தீட்டுப் பட்டு 'சீர் தட்டிப் போச்சு' என்றுதான் வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பாள். காமாலை என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

கோகிலவாணி கையில் இருந்த ஈரத்துணியை அலசுவதுபோலக் குளியலறைப் பக்கம் போய்விட்டாள்.

குழாயடியில் துணியைப் பிரித்தாள். காலையில் பிள்ளைக்குக் கட்டியிருந்த வெள்ளைத் துணி. நடுவில் சாயத்தண்ணி நிறத்தில் ஒரு கறை, பால் ஊற்றாத தேத்தண்ணி சிந்தினால் எப்படி இருக்குமோ அப்படி. இந்தக் கறையை அவள் இதற்கு முன்னால் ஒரு தடவை அலசியிருக்கிறாள். நெல்லியாளத்தில், லைனுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில், பச்சை உடம்போடு குத்தவைத்து.

அதே கறை. அதே மஞ்சள். ஆனால் வேறு எஸ்டேட், வேறு தண்ணீர், வேறு தாய், வேறு பால். இருபத்துமூன்று வருஷம் இடையில். இந்த இரண்டு பிள்ளைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

இடது தோளில் ஸ்வெட்டர் கிடந்தது. அடுத்த பால் நேரத்துக்கு என்று எடுத்துவைத்திருந்தாள். அவள் தலையைத் திருப்பியபோது அந்த வாசம் மூக்கில் ஏறியது.

உட்கார்ந்துவிட்டாள். ஈரத்தரை என்றுகூடப் பார்க்கவில்லை.

முதலில் அவளுக்குத் தோன்றியதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளும் மனுஷிதான். ஸ்வெட்டரையும் குல்லாவையும் துண்டையும் சுருட்டிப் பையின் அடியில் திணித்துவிடலாம் என்று தோன்றியது. இனிமேல் மாட்டாமல் இருந்தால் போதாதா? யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால் உருண்டையோடு நிற்காது. அந்தப் பிள்ளைக்கு என்ன மாட்டினாய் என்று கேட்பார்கள். இதுதான் அது என்று சொல்லவேண்டிவரும். முப்பத்தேழு பிள்ளைகளின் தாய்மாரும் தங்கள் பிள்ளை மேல் கிடந்தது செத்த பிள்ளையின் உடுப்பு என்று தெரிந்துகொள்வார்கள். மடுவம் போகும். அந்த லைனில் முகம் காட்ட முடியாது. சுருட்டித் திணித்தும்விட்டாள். ஜிப்பையும் இழுத்தாள்.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் டாக்டர் சொன்னது முழுசாக உறைத்தது. உடைவது நின்றதா இல்லையா என்று தெரியாததால்தான் பிள்ளை மலையிறங்குகிறது. விளக்கில்லாமல், மழையில், மண்சரிவில், மூன்று மணி நேரம். அவள் பையின் ஜிப்புக்குள் வைத்திருப்பது அந்தப் பதிலைத்தான்.

கோகிலவாணி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டிருந்தது. நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, இருங்க. நிறுத்துங்க." பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். "எனக்கு ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சுங்க. இதே மாதிரி மஞ்சளாகி ஏழாம் நாள் செத்துச்சு. மூத்திரம் இதே கலர்ல போச்சு. நான் இவ அம்மாவுக்குக் கூடப்பொறந்தவ. அவனுக்கும் இதத்தான் மாட்டுனேன். இதே ஸ்வெட்டர். பாச்சை உருண்டை போட்டு வெச்சிருந்துச்சு. இந்தத் தடவை எட்டு போட்டேனுங்க. வெயில்லயும் போடல."

டாக்டர் குனிந்து ஸ்வெட்டரை எடுத்தார். மோந்து பார்த்தார். முகம் மாறியது.

"இதை எத்தனை தடவை போட்டீங்க?"

"பால் குடுக்கற ஒவ்வொரு தடவையும்."

"எண்ணெய் தடவின உடம்புல?"

"ஆமாங்க."

டாக்டர் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை, கட்டளைதான். வெந்நீரில் சோப்புப் போட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டுக்கூட இருக்கக்கூடாது. தாயும் புடவை மாற்றட்டும். அந்த மூன்று துணியையும் பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி வெளியே வை. இரண்டு விளக்கு, மேலேயும் கீழேயும். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கட்டும். பன்னிரண்டரைக்கு மறுபடி ரத்தம். அதுவரை பார்க்கலாம்.

பிறகுதான் வராந்தாவுக்கு வந்து சொன்னார். சில குடும்பங்களில் சிவப்பணுவைக் காக்கிற ஒரு சத்து பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஜி-சிக்ஸ்-பி-டி என்று அதற்குப் பேர். தாய் வழியாக வரும். தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆண் குழந்தையைத்தான் பிடிக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாச்சை உருண்டையின் ஆவி மூச்சிலும் தோலிலும் ஏறினால் அணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். எண்ணெய் தடவிய தோல் அதை இன்னும் சீக்கிரம் உறிஞ்சும். மற்றப் பிள்ளைகள் தப்பித்தது அவர்கள் ரத்தத்தில் அந்தக் குறை இல்லாததால். நல்ல வெயிலில் போட்டுக் கொடுத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். "டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல," என்றார்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. மேய்ந்தது தெரியாமல் வேலி இருபத்தோரு வருஷம் நிமிர்ந்து நின்றிருக்கிறது.

டாக்டர் உள்ளே போனதும் பாலாமணி எழுந்து வந்தாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"செத்த புள்ளைச் சட்டையா அக்கா அது?"

"ஆமா."

"எம்புள்ளைங்க ரெண்டுக்கும் அதையா போட்ட?"

"ஆமாடி."

"இவ்வளவு வருஷம் எங்க மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிட்டே." பாலாமணி கட்டிவைத்திருந்த கவரைக் கையில் எடுத்தாள். "இதை நானே கொண்டுபோயி எரிக்கறேன். உங்கையில குடுக்க மாட்டேன்." சுரேஷ் ஆம்புலன்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். பாலாமணி அப்படியே மழைக்குள் இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டரைக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு வரும்போது மணி ஒன்று. அந்த அரை மணி நேரத்தில் கோகிலவாணி வேண்டாத சாமியில்லை. இருபது புள்ளி எட்டு. ஏறித்தான் இருந்தது, ஆனால் முன்போல ஓடவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து போகலாமா என்றார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை கொட்டாவி விட்டது. "இன்னும் ரெண்டு மணி நேரம் குடுங்க," என்றார்.

அந்த இரண்டு மணி நேரமும் கோகிலவாணி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். முதுகு வளைகிறதா என்று பார்த்தாள். குரல் பூனைக்குட்டி மாதிரி மாறுகிறதா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். பிள்ளை பசிக்கு அழுதபோது, அது வெறும் பசியழுகைதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள மூன்று தடவை கேட்கவேண்டியிருந்தது. கலைமதி பால் கொடுக்கும்போது இப்போது கம்பளி இல்லை. ஆஸ்பத்திரி வெள்ளைத்துணி மட்டும். கோகிலவாணி பக்கத்தில் போகவில்லை. தன் புடவையிலும் அந்த வாசம் இருக்குமோ என்று பயந்தாள்.

மூன்று மணிக்கு இருபது புள்ளி நாலு. ஐந்து மணிக்குப் பத்தொன்பது புள்ளி இரண்டு.

டாக்டர் ஆம்புலன்ஸைப் போகச் சொல்லிவிட்டு வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். சுரேஷ் தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். கோகிலவாணி அழவில்லை. அவளுக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது.

"டாக்டரம்மா, பாலு?"

"என்ன பால்?"

"தாய்ப்பாலுங்க. அதனால ஆகாதுங்களா? நிறுத்தச் சொல்லலியே நீங்க?"

"எதுக்கு நிறுத்தணும்? பால் குடிச்சாத்தான் மலம் போகும், மலம் போனாத்தான் மஞ்சள் வெளிய போகும். அந்தப் பாலும் சேர்ந்துதான் இவனைக் காப்பாத்திட்டு இருக்கு."

"அப்ப எம்புள்ளைக்கும்..." அவளுக்கு வார்த்தை தடுமாறியது. "எம்பாலு இல்லீங்களே?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. "இல்லைம்மா. உங்க பால் இல்ல."

அப்போதுதான் அழுதாள். இருபத்துமூன்று வருஷம் தன் நெஞ்சையே விஷப்பானை என்று நம்பிச் சுமந்தவள். பால் விடுதலையானது, அதே நொடியில் பின்னிய கை மாட்டிக்கொண்டது. எதற்காக அழுகிறோம் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்கு ஐந்தாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். டெஸ்ட் முடிவும் வந்திருந்தது, டாக்டர் சொன்னதேதான். மழை விட்டு, இரண்டு நாளாக நல்ல வெயில். பாலாமணி புதுத்துணிகளோடு வந்திருந்தாள். இந்த ஐந்து நாளும் அவள் கோகிலவாணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் மூஞ்சியைப் பார்க்காமல், கதவைப் பார்த்துப் பேசினாள்.

"எரிக்கலாம்னுதான் கொண்டுபோனேன். சிவப்பும் பச்சையும் கண்ணுல பட்டுருச்சு. அஞ்சு தடவை வெந்நியில அலசி வேலியில போட்டிருக்கேன். உம்பொட்டியில கெடந்த உருண்டையெல்லாம் தூரக் கொட்டியாச்சு. இந்தப் புள்ளைகிட்ட மட்டும் அதைக் கொண்டுவராத."

கோகிலவாணி தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டர் ரேகா ஒரு கெட்டி அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். இவன் ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளவேண்டிய அட்டை, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டவேண்டும் என்றார். எதெது கூடாதென்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: பாச்சை உருண்டை, மலேரியாவுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள், இன்னும் சில மருந்துகள். குடும்ப விவரம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"உங்க மகன் பேரு என்னம்மா?"

கோகிலவாணிக்கு முதலில் புரியவில்லை. அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "வெக்கலீங்க. ஒம்பதாம் நாள் வெக்கறதா இருந்துச்சு."

"பொறப்புச் சர்டிபிகேட்?"

"லைன்லயே பொறந்துச்சு, லைன்லயே போச்சு. எங்கயும் எழுதலீங்க."

டாக்டர் எழுதினார். பிறகு படித்துக்காட்டினார். "தாயின் சித்தி கோகிலவாணியின் மகன். இரண்டாயிரத்தில் பிறந்தான். ஏழு நாள் இருந்தான். இதே குறைபாடு இருந்திருக்கலாம்."

கோகிலவாணி அட்டையைத் தொடாமல், எட்டி நின்று பார்த்தாள். "இன்னொருக்கா படிக்கறீங்களா?"

டாக்டர் படித்தார். அவள் உதடு கூடவே அசைந்தது. இன்னும் ஒரு தடவை கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"டாக்டரம்மா," என்றாள் பாலாமணி, இன்னமும் கதவைப் பார்த்தபடி. "மறுபடி படிங்க. கொஞ்சம் சத்தமா. எனக்குச் சரியாக் காதுல விழல."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வார்த்தையிலிருந்து படித்தார்.